தூண்டில் ஈயம் வார்க்க வீட்டில் ஒரு மேசை: முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் பேராக் ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களுக்கு, நூலை அடிக்கு இறக்கும் ஈயம் தங்குவதே இல்லை. அடியில் கிடக்கும் மரக்கட்டையிலோ நீப்பா பனை வேரிலோ மாட்டினால் நூலோடு போய்விடும். கடையில் கிடைக்கும் உருண்டை ஈயம் தண்ணீர் இறங்கும் நேரத்தில் உருண்டு உருண்டு கரைக்கே வந்து சேரும். வேண்டிய எடையில், வேண்டிய வடிவத்தில் வீட்டிலேயே வார்த்துக்கொள்வது கடினமான வேலை இல்லை. ஆனால் சமையலறை அடுப்பில் பால் டின்னை வைத்து உருக்கி, மண்ணில் குழி தோண்டி ஊற்றுகிற வழக்கம் இன்னும் பல தோட்டங்களில் இருக்கிறது. அந்த முறையில் கை கால் வெந்தவர்களும் உண்டு, வெளியே தெரியாமல் உடம்பில் ஈயம் ஏறியவர்களும் உண்டு.

இந்த வேலைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தண்ணீர், இன்னொன்று தூசி. மேசையை எங்கே போடுவது, எதால் செய்வது, எதை எந்தப் பக்கம் வைப்பது என்ற ஒவ்வொரு முடிவும் இந்த இரண்டில் ஒன்றை மனத்தில் வைத்துத்தான்.

தண்ணீர் ஏன் ஆபத்து, புகையைவிடத் தூசி ஏன் மோசம்

ஈயம் 327.5 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் மேற்பரப்பில் விழுந்தால் சீறிக்கொண்டு ஆவியாகிவிடும், பெரும்பாலும் வேறொன்றும் ஆகாது. அதே சொட்டு ஈயத்துக்கு அடியில் போனால் கதை வேறு. தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். மேலே போக வழியில்லாமல் சட்டியில் உள்ள ஈயம் முழுவதையும் தூக்கி வெளியே எறிந்துவிடும். ஈரக் கரண்டியை முக்குவது, வியர்த்த ஈயக் கட்டியைச் சட்டியில் போடுவது, உள்ளே குழி உள்ள பழைய ஈயத்தை அப்படியே உருக்குவது ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். மண்குழியில் ஊற்றும்போது வெடிப்பதும் இதனால்தான். மேலே காய்ந்து தெரியும் ஆற்றோர மண் ஒரு விரல் ஆழத்தில் ஈரமாகத்தான் இருக்கும்.

புகையைப் பற்றிப் பலரும் பயப்படுவார்கள். ஈயம் கொதிப்பது 1,749 டிகிரியில். 400 டிகிரி அளவில் வைத்து வேலை செய்தால் ஈய ஆவி மிகக் குறைவு. கண்ணில் தெரியும் புகை பெரும்பாலும் பழைய ஈயத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய், பெயிண்ட், ரப்பர் எரிவது. அதுவும் சுவாசிக்கத் தக்கதல்ல என்பதால் காற்றோட்டம் கட்டாயம். ஆனால் உடம்புக்குள் ஈயத்தை அதிகம் கொண்டுபோவது சட்டியின் மேல் படியும் சாம்பல் நிறக் கசடும், அது உலர்ந்து பறக்கும் தூசியும்தான். அது விரலில் ஒட்டும், விரல் வாய்க்குப் போகும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வீட்டில் சிறுபிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் இந்த மேசையை வீட்டில் போடாமல், தனிக் கொட்டகை உள்ள நண்பரிடம் போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இடம்

வீட்டுப் பின்புறம், தகரக் கூரையின் கீழ், குறைந்தது இரண்டு பக்கம் திறந்த இடம் சரி. லைன் வீடாக இருந்தால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகப் போடாதீர்கள். சமையலறை, அஞ்சடி (வீட்டு முன் நடைபாதை), துணி காயும் கொடியின் கீழ், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கம் ஆகிய நான்கும் வேண்டாம். பிற்பகல் மழை நம் ஊரில் சொல்லாமல் வரும். கூரையில் ஆணி ஓட்டை இருக்கிறதா என்று ஒரு மழை நாளில் நின்று பாருங்கள். ஒழுகாத கூரையும் விடியற்காலையில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். ஆகவே காலை பத்து மணிக்கு முன் அடுப்பு மூட்ட வேண்டாம். வானம் கறுத்தால் அன்றைக்கு வேலை இல்லை.

கோழி வளர்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோழி கற்களைப் பொறுக்கி விழுங்கும், தரையில் சிதறிய ஈயத் துளியையும் விழுங்கும். அந்த ஈயம் முட்டைக்கும் வரும். கோழி திரியும் இடத்திலும், கீரைப் பாத்திக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் பக்கத்திலும் இந்த வேலை ஆகாது.

தரை சிமெண்டாக இருந்தால் அதன்மேல் ஒரு தகரத் தட்டு விரியுங்கள். சிமெண்ட் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உருகிய ஈயம் அதில் விழுந்தால் சில்லுச் சில்லாக வெடித்துத் தெறிக்கும்.

மேசை

நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ. போதும். உயரம் 75 செ.மீ. அளவில் இருக்கட்டும். மேசைமேல் அடுப்பும், அடுப்புமேல் சட்டியும் வந்த பிறகு சட்டியின் விளிம்பு உங்கள் முழங்கைக்குக் கீழே நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. விளிம்பு நெஞ்சு உயரத்துக்கு வந்தால் கரண்டியைத் தூக்கி ஊற்ற நேரும். தெறித்தால் முகத்தில்தான்.

சட்டத்துக்கு 2 அங்குலம் × 3 அங்குலக் கட்டைகள், மேலே 18 மி.மீ. பிளைவுட். பிளைவுட்டின்மேல் 6 மி.மீ. சிமெண்டுப் பலகை, அதற்கும் மேல் 1 மி.மீ. இரும்புத் தகடு. தகட்டின் நான்கு ஓரத்தையும் 2 செ.மீ. மேல்நோக்கி மடித்துவிட்டால் சிந்தும் ஈயம் காலில் வழியாது. வெல்டிங் கடையில் கொடுத்தால் மடித்துத் தருவார்கள். பழைய தோட்ட வீடுகளைப் பிரித்தபோது வந்த சாம்பல் நிறக் கூரைத் தகடு சும்மா கிடக்கிறதே என்று அதை வெட்டிப் போடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தவை. ஈயத் தூசியைத் தவிர்க்கப் போய்க் கல்நார்த் தூசியை வாங்கிக்கொள்வதாகும்.

மேசை ஆடக் கூடாது. கால்களுக்குக் குறுக்குக் கட்டை அடித்து, முடிந்தால் பின்பக்கத்தைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். சட்டியில் 5 கிலோ ஈயம் இருக்கும்போது மேசையை முழங்காலால் இடித்தால் என்ன ஆகும் என்பதை அடுப்பு மூட்டும் முன்பே, தண்ணீர் நிரப்பிய சட்டியை வைத்து இடித்துப் பாருங்கள். பிறகு அந்தச் சட்டியை நன்றாகக் காய வையுங்கள்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வசதியான வரிசை இது: வலப்பக்கம் அடுப்பும் சட்டியும், நடுவில் அச்சு, இடப்பக்கம் வார்த்த ஈயம் விழும் தட்டு. தட்டில் பழைய பருத்தித் துணியை நாலாக மடித்துப் போடுங்கள். நைலான் துணி உருகி ஒட்டும். சூடான ஈயம் உங்கள் உடலுக்குக் குறுக்கே போகாதபடி எல்லாம் ஒரே திசையில் நகர வேண்டும். தண்ணீர் பாட்டில், டீ, மேசையில் மட்டுமல்ல, கொட்டகைக்குள்ளேயே வேண்டாம்.

அடுப்பும் சட்டியும்

ஈயம் கனமானது என்பதால் சட்டி சின்னதாக இருந்தாலே போதும். 5 கிலோ ஈயத்தின் கொள்ளளவு அரை லிட்டர்கூட வராது. ஒரு லிட்டர் சட்டியை நிரப்பினால் 11 கிலோ ஆகும், அது வேண்டாத வம்பு. அடி தடித்த வார்ப்பிரும்புச் சட்டி, அல்லது 3 மி.மீ. கனமுள்ள இரும்புக் குழாயில் அடி வைத்து வெல்டிங் செய்தது எடுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். உருகிய ஈயம் இருக்கும்போது சட்டியை நகர்த்தவே கூடாது, கரண்டியால் மட்டுமே எடுக்க வேண்டும்.

பால் டின், மைலோ டின் போன்றவை மெல்லிய தகடு. விளிம்பைக் குறடால் பிடித்துத் தூக்கும்போது மடங்கிக் கவிழும். அலுமினியச் சட்டி இன்னும் மோசம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்றாலும் சுடர் நேராகப் படும் அடிப்பகுதி அதற்கு முன்பே வலுவிழந்துவிடும். எந்தச் சட்டியானாலும், எந்தக் கரண்டியானாலும், ஒருமுறை ஈயம் பட்டால் அது திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. பிடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

ஒற்றை அடுப்பு, கனமான இரும்புச் சட்டம் உள்ளதாக இருந்தால் எரிவாயு போதும். தோம்பை (எரிவாயு உருளையை) மேசைக்கு அடியில் வைக்காமல், குழாய் நீளம் எட்டும் அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். சிந்திய ஈயம் ரப்பர் குழாயில் பட்டால் ஓட்டை விழும். மின்சாரச் சட்டி வாங்க வசதி உள்ளவர்களுக்கு அதுவே நல்லது, சூடு ஒரே நிலையில் நிற்கும். இணையத்தில் வாங்கும்போது 240 வோல்ட்டுக்கானதா என்று பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 110 வோல்ட் சட்டி நம் பிளக்கில் போட்ட மாத்திரத்தில் கருகிவிடும்.

சூட்டை அளக்க கே வகை வெப்ப உணரியும் அதற்கான டிஜிட்டல் மீட்டரும் வாங்குங்கள். கம்பி நுனியை ஈயத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்கலாம், ஆனால் அதையும் முதலில் சட்டியின் விளிம்பில் சூடாக்கிய பிறகுதான் முக்க வேண்டும். துப்பாக்கி போலப் பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி இங்கே ஏமாற்றும். பளபளக்கும் ஈயப் பரப்பு கண்ணாடி போல எதிரொளிப்பதால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். நீங்கள் சூடு போதவில்லை என்று அடுப்பைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

மேசைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி உலர்ந்த மணலும், உலர்தூள் தீயணைப்பானும் இருக்கட்டும். மணல் வாளிக்கு மூடி வேண்டும், இல்லாவிட்டால் பூனை அதை ஈரமாக்கிவிடும்.

உடைக்குச் சுருக்கமாக: முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், கணுக்கால் மூடிய தோல் காலணி. ஜீன்ஸின் கால் காலணிக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் துளி உள்ளே விழும். சிலிப்பர் போட்டுக்கொண்டு இந்த வேலைக்கு நிற்காதீர்கள். வெல்டிங் தோல் கையுறை, முகம் முழுவதும் மூடும் தெளிந்த கவசம், அதற்குள் கண்ணாடி. நெற்றியில் ஒரு துணிப்பட்டி கட்டுங்கள், நம் வெயிலில் வியர்வை சட்டிக்குள் சொட்டும். கசடு எடுக்கும்போதும் சுத்தம் செய்யும்போதும் பி100 வடிகட்டி உள்ள சுவாசக் கவசம் தேவை. துணி முகமூடி ஈயத் தூசிக்குப் பயன்படாது.

ஈயம் எங்கே கிடைக்கும், எதைத் தொடக் கூடாது

டயர் கடைகளில் சக்கரத்தைச் சமன் செய்யும் எடைகளைக் கழற்றி வாளியில் போட்டு வைத்திருப்பார்கள். கிளிப் வைத்த எடைகளில் ஈயத்தோடு சிறிது ஆன்டிமனி கலந்திருப்பதால் வார்த்தது கடினமாக, கல்லில் பட்டாலும் வடிவம் கெடாமல் இருக்கும். ஒட்டுவகை எடைகள் மென்மையானவை, ஏறக்குறைய சுத்த ஈயம். பழைய இரும்புக் கடையில் கேட்டால் கூரை ஈயத் தகடும், கேபிள் உறையும், கிழிந்த வலைகளில் கோத்த ஈயமும் கிடைக்கும்.

இப்போது டயர் கடை வாளியில் பாதி இரும்பும் துத்தநாகமும்தான். இசட்-என் என்று எழுத்து பொறித்திருந்தால் துத்தநாகம், எஃப்-இ என்றிருந்தால் இரும்பு. எழுத்து தேய்ந்திருந்தால் வெட்டுக்குறடால் கடித்துப் பாருங்கள்: ஈயத்தில் பல் பதியும், மற்ற இரண்டிலும் வழுக்கும். தரையில் போட்டால் ஈயம் மந்தமாகத் தொப்பென்று விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். இந்தப் பொறுக்கும் வேலையில் சோம்பல் படாதீர்கள். துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகும். ஈயத்தில் அது கொஞ்சம் கலந்தாலே உருகிய உலோகம் ஆறிய கஞ்சி போலக் கட்டியாகும், அச்சின் மூலைக்கு ஓடாது, பிரித்தெடுக்கவும் வீட்டில் வழியில்லை. பொறுக்கும்போது தவறவிட்டது ஏதாவது இருந்தாலும், முதல் உருக்கலை 380 டிகிரிக்கு மேல் போகவிடாமல் வைத்தால் துத்தநாகமும் இரும்பும் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம்.

கார் பேட்டரியைத் தொடவே வேண்டாம். அமிலம் ஒருபுறம். இன்றைய பேட்டரித் தகடுகளில் கால்சியம், ஆன்டிமனி, ஆர்சனிக் இருக்கும். அவற்றின் கசடு ஈரத்தோடு சேர்ந்தால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற நச்சு வாயுக்கள் வரும். வாசனையை நம்பித் தப்பிக்க முடியாது.

முதல் உருக்கல்: சுத்தம் செய்து கட்டியாக்குவது

அழுக்கு ஈயத்தை நேராக அச்சில் ஊற்ற நினைக்காதீர்கள். முதலில் ஒரு நாள் முழுவதையும் சுத்தம் செய்து கட்டியாக்க ஒதுக்குங்கள். அன்றைக்குத்தான் எண்ணெயும் ரப்பரும் எரிந்து புகை வரும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, புகை உங்களைவிட்டு விலகிப் போகும்படி அந்தப் பக்கமாக நில்லுங்கள்.

1. பொறுக்கிய ஈயத்தை முந்தின நாளே வெயிலில் பரப்பிக் காய வையுங்கள். மூடிய குழாயோ, உள்ளே வெற்றிடம் உள்ள துண்டோ இருந்தால் வெட்டித் திறந்துவிடுங்கள்.
2. குளிர்ந்த சட்டியில் ஈயத்தைப் போட்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சூடு மெல்ல ஏறும்போது மிச்ச ஈரம் உருகும் முன்பே போய்விடும். முதலில் உருகிய ஈயத்தில் பின்னால் துண்டுகளைச் சேர்க்க வேண்டுமானால் சட்டி விளிம்பில் பத்து நிமிடம் சூடாக்கி, கரண்டியில் வைத்து மெதுவாக இறக்குங்கள்.
3. எல்லாம் உருகியதும் மிதக்கும் கிளிப்புகளை ஓட்டைக் கரண்டியால் அள்ளி மூடியுள்ள டின்னில் போடுங்கள்.
4. மெழுகுவர்த்தியிலிருந்து பட்டாணி அளவு மெழுகு ஒன்றைப் போட்டு, சூடாக்கிய இரும்புக் கரண்டியால் அடிவரை கிளறுங்கள். மெழுகு பற்றி எரியும், முகத்தைத் தள்ளி வையுங்கள். மெழுகின் கரி, மேலே படிந்த ஆக்சைடில் இருக்கும் உலோகத்தை மீட்டுத் திரும்பச் சட்டிக்கே கொடுக்கும். அதன்பின் கறுப்புத் தூளாக மிஞ்சுவதை வழித்தெடுங்கள்.
5. இரும்புக் கேக் தட்டில் அரைக் கிலோ வீதம் ஊற்றிக் கட்டியாக்குங்கள்.

கடையில் புதிதாக வாங்கும் பளபளக்கும் கேக் தட்டில் வெள்ளீயப் பூச்சு இருந்தால் ஈயம் அதோடு ஒட்டிக்கொள்ளும், தட்டும் கட்டியும் ஒன்றாகிவிடும். இரண்டு வாரம் வெளியே போட்டுத் துருப்பிடிக்க விட்டு, பிறகு காய வைத்துப் பயன்படுத்துங்கள். துருமேல் ஈயம் ஒட்டாது.

அச்சு

தொடங்குபவர்களுக்கு அச்சே தேவையில்லை. பழைய எவர்சில்வர் மேசைக்கரண்டி ஒன்றை உலர்ந்த மணல் தட்டில் சமமாகப் பதித்து, சூடாக்கி, அதில் ஊற்றினால் தட்டையான ஈயம் கிடைக்கும். ஆறிய பின் நுனியில் 3 மி.மீ. துளை போடுங்கள். சேற்று அடியில் இது உருளாமல் படுத்துக்கொள்ளும். ஆற்றுக்கு இதைவிட நல்ல வடிவம் குறைவு என்பது எங்கள் கருத்து.

அச்சு வேண்டுமென்றால் 50 × 50 × 20 மி.மீ. அளவில் இரண்டு அலுமினியக் கட்டிகளை எடுத்து, ஒட்டும் முகங்களைக் கண்ணாடிமேல் மணல்தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்குங்கள். இரண்டையும் சேர்த்து இடுக்கியில் இறுக்கி, சேரும் கோட்டிலேயே துளை போட வேண்டும். 3 மி.மீ., 8 மி.மீ., 16 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிதாக்குங்கள். எடுத்த எடுப்பில் 16 மி.மீ. துரப்பணத்தை வைத்தால் அது கோட்டைவிட்டு ஒரு பக்கம் ஒதுங்கும். அப்போது ஒரு கட்டியில் பாதிக்கு மேலும் மற்றதில் பாதிக்குக் குறைவாகவும் குழி விழும். பாதிக்கு மேல் உள்ள பக்கம் ஈயத்தைக் கவ்விக்கொண்டு விடாது. அச்சில் ஈயம் மாட்டுகிறது என்று புலம்புபவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம்.

எடைக் கணக்கு எளிது. ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.34 கிராம். 10 மி.மீ. விட்டத் துளையில் ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் 8.9 கிராம், 12 மி.மீ. துளையில் 12.8 கிராம், 16 மி.மீ. துளையில் 22.8 கிராம். 80 கிராம் வேண்டுமென்றால் 16 மி.மீ. துளை 35 மி.மீ. ஆழம் வரும். துரப்பணத்தின் நுனி கூம்பாக இருப்பதால் அடியில் ஏறக்குறைய 7 கிராம் குறையும், எனவே நுனிவரை 38 மி.மீ. போங்கள். உருண்டை அச்சு வாங்குபவர்களுக்கு: 15 மி.மீ. விட்டம் 20 கிராம், 20 மி.மீ. விட்டம் 47 கிராம், 25 மி.மீ. விட்டம் 93 கிராம். சக்கர எடை ஈயத்தில் இவை எல்லாம் சற்றுக் குறையும்.

நூல் கட்டும் வளையத்துக்கு, 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியை இரட்டையாக முறுக்கினால் தடிமன் 1.6 மி.மீ. வரும். அச்சின் அடியிலிருந்து சேரும் கோட்டில் அதே அளவுத் துளை போட்டுக் குழியோடு சேருங்கள். வளையம் வெளியேயும், முறுக்கிய கால்கள் பிரிந்து குழிக்குள்ளேயும் நிற்கட்டும். கால்களைப் பிரிக்காவிட்டால் பெரிய பாவோங் மீன் இழுக்கிற இழுப்பில் கம்பி உருவிக்கொண்டு வரும்.

சேரும் முகத்தில் குழியிலிருந்து வெளிவிளிம்பு வரை ஊசியால் நாலைந்து மெல்லிய கீறல் போடுங்கள். காற்று போக வழி வேண்டும். கீறல் மயிரிழை அளவுதான், ஆழமானால் அதில் ஈயமும் ஓடும். கட்டிகள் நகராமல் இருக்க மூலைக்கு ஒன்றாக இரண்டு ஆணி முளைகள் வையுங்கள். பிடிக்க வைஸ் கிரிப் குறடு போதும்.

புதிய அச்சில் எண்ணெய் இருக்கும். பாத்திர சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, அடுப்பில் தனியாக வைத்து நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டிக் குழிக்குள் மெல்லிய கரி படிய விடுங்கள், ஈயம் நழுவி வரும்.

வார்ப்பது

அச்சு சூடாக இல்லாமல் நல்ல ஈயம் வராது. ஈயத்தின் சூட்டைவிட அச்சின் சூடுதான் முக்கியம். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் அடுப்பை ஏற்றிக்கொண்டே போய், சட்டியில் கசடை மட்டும் பெருக்குவார்கள். அச்சைச் சட்டி விளிம்பில் சாய்த்து 150 முதல் 200 டிகிரி வரை கொண்டுவாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி கையில் இருந்தால் அச்சின் கரி படிந்த பக்கத்தில் ஓரளவு சரியாகக் காட்டும். சட்டியில் ஈயம் 380 முதல் 400 டிகிரி, சுத்த ஈயமாக இருந்தால் 410 வரை. மேற்பரப்பில் மஞ்சளும் ஊதாவும் நீலமும் ஓடத் தொடங்கினால் சூடு மிஞ்சிவிட்டது, அடுப்பைக் குறையுங்கள்.

கரண்டி சட்டியின் மேலேயே இருந்து சூடாகட்டும். மேலே படிந்த கசடை ஒதுக்கி, அடியிலிருந்து அள்ளி, அச்சின் வாயில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். பாதியில் நிறுத்தித் தொடர்ந்தால் அந்த இடத்தில் கோடு விழும். வாய் வழிந்து மேலே சிறு குமிழாக நிற்கும் அளவுக்கு ஊற்ற வேண்டும். ஈயம் உறையும்போது சுருங்கும், அந்தக் குமிழிலிருந்துதான் உள்ளே இறங்கி நிரப்பிக்கொள்ளும். பளபளப்பு மங்கியதும் மேலும் பத்துப் பதினைந்து விநாடி பொறுத்து, அச்சைத் திறந்து துணித் தட்டில் விழவிடுங்கள். விழாவிட்டால் அச்சின் பிடியை மரக்கட்டையால் தட்டலாம். ஒட்டும் முகத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அச்சு அன்றோடு போயிற்று.

முதல் நாலைந்தும் சுருங்கியதாக, முழுமை இல்லாததாகத்தான் வரும். அச்சு சூடேறும்வரை அவை கழிவு, திரும்பச் சட்டிக்கே. ஆறவிட்டுப் போட வேண்டாம், சூட்டோடு போட்டால் ஈரம் பிடிக்க நேரமில்லை.

பிறகும் குறை வந்தால் ஈயத்தின் முகத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம். தோல் சுருக்கம் போல வரிகள் இருந்தால் அச்சு குளிர்ச்சி, அல்லது எண்ணெய் மிச்சம் இருக்கிறது. விளிம்புகள் மழுங்கி மூலை நிரம்பாமல் இருந்தால் காற்றுக் கீறல் கரியால் அடைத்திருக்கும், ஊசியால் சுத்தம் செய்யுங்கள். மேல்பரப்பு பனி படர்ந்தது போல வெளுத்திருந்தால் அச்சு மிகவும் சூடு, உறையவும் நேரமாகும். இரண்டு அச்சு இருந்தால் மாற்றி மாற்றி ஊற்றலாம், ஒன்றுதான் என்றால் ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். அச்சை ஈரத்துணியில் வைத்து ஆற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். பக்கவாட்டில் இறக்கை போல மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருந்தால் முகத்தில் ஈயத் துணுக்கு ஒட்டியிருக்கிறது, அல்லது இடுக்கிய பிடி தளர்ந்திருக்கிறது. மேலே குழி விழுந்தால் வாயில் போதிய ஈயம் நிற்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் ஈயம் தடித்துக் கஞ்சியாக ஓடினால் துத்தநாகம் புகுந்துவிட்டது. அந்தச் சட்டி ஈயம் வார்ப்புக்கு ஆகாது.

முடிக்கும்போது சட்டியில் ஒரு விரல் கனம் ஈயத்தை விட்டுவிடலாம். அடுத்த முறை கட்டியான ஈயத்தை அடியிலிருந்து வேகமாகச் சூடாக்காதீர்கள். அடி உருகி மேல் உறைந்திருந்தால் விரியும் ஈயம் மேல்தோலைப் பிளந்து பீறிடும். சிறு தீயில் தொடங்குங்கள், பக்கங்களும் சேர்ந்து சூடேறட்டும்.

மெருகும் பூச்சும்

வாய்த்துண்டை வெட்டுக்குறடால் வெட்டி, பிசிறைக் கத்தியால் சீவுங்கள். அரம், மணல்தாள், கிரைண்டர் மூன்றும் ஈயத்தைத் தூளாக்கிக் காற்றில் விடும். சீவிய துண்டுகள் பெரிதாக இருப்பதால் பறக்காது, பொறுக்கிச் சட்டியில் போடலாம்.

பூசாத ஈயம் கையை ஒவ்வொரு முறையும் கறுப்பாக்கும். ஹார்ட்வேர் கடை எனாமல் பெயிண்டில் இரண்டு முறை முக்கித் தொங்கவிட்டால் ஓரளவு தாங்கும். பவுடர் பூச்சு இன்னும் நீடிக்கும்: ஈயத்தைக் கம்பியில் தொங்கவிட்டு வெப்பக் காற்றுக் குழலால் சூடாக்கி, பவுடரில் ஒரு நொடி முக்கியெடுத்து, 180 முதல் 200 டிகிரியில் 15 நிமிடம் சுட வேண்டும். சுடும் ஓவன் இந்த வேலைக்கென்றே ஒதுக்கியதாக இருக்கட்டும், கேக் சுடும் ஓவனைத் தொட வேண்டாம். வெயிட்டின் வளையத்தைப் பெயிண்ட் அடைத்தால் ஊசியால் திறந்துவிடுங்கள்.

எடை எவ்வளவு? தண்ணீர் நின்று திரும்பும் நேரத்தில் 30, 40 கிராம் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் கூடும் நாட்களில் 80 முதல் 120 வரை தேவைப்படும். 28 கிராமுக்குக் கீழே ஈயமே வார்க்காதீர்கள் என்பது எங்கள் யோசனை. பிரிட்டனில் அந்த அளவுக்கும் கீழான ஈயத் தூண்டில் எடைகளை 1987 முதல் விற்கத் தடை செய்தார்கள். அன்னங்கள் அவற்றை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. நம் ஆற்றோரத்திலும் கொக்கும் வாத்தும் உண்டு. உடாங் காலாவுக்கு (பெரிய ஆற்று இறாலுக்கு) போடும் சின்ன எடைக்கு எம்10 இரும்பு நட்டு ஒன்று கிட்டத்தட்ட 11 கிராம், எம்12 கிட்டத்தட்ட 17 கிராம். கோத்துக் கட்டினால் போதும், உருக்கவே வேண்டாம். பிளந்த ஈயத்தைப் பல்லால் கடித்து நூலில் மூடுகிற பழக்கம் இருந்தால் ஒரு சின்னக் குறடைத் தூண்டில் பெட்டியில் போட்டு வையுங்கள்.

வேலை முடிந்த பிறகு

சட்டி முழுவதும் ஆறிய பிறகே தண்ணீரைக் கொட்டகைக்குள் கொண்டுவாருங்கள். துடைப்பம் எடுத்துக் கூட்டக் கூடாது, தூசி எழும்பி எங்கும் பரவும். ஈரத்துணியால் மேசையையும் தரைத் தட்டையும் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். கசடு டின்னை மூடி, ‘ஈயம் — தொடாதே’ என்று எழுதிப் பூட்டில் வையுங்கள். கால்வாயில் கொட்டுவதும், செம்பனை அடியில் புதைப்பதும், வீட்டுக் குப்பையில் போடுவதும் கூடாது. ஈயம் வாங்கும் பழைய இரும்புக் கடையில் கேட்டுக் கொடுங்கள், கசடிலும் ஈயம் இருப்பதால் அதற்கும் விலை உண்டு.

கையை சோப்பு போட்டு, நகத்துக்கு அடியிலும் பிரஷால் தேய்த்துக் கழுவும் வரை சாப்பாடு, சிகரெட், வெற்றிலை எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. காலணியை வெளியே விட்டு, உடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து, தலைக்குக் குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வார்ப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஈயம் ஏறுவது தொடக்கத்தில் எந்த வலியும் காட்டாது. அளவு கூடியிருந்தால் வார்ப்பை நிறுத்திவிட்டு, மேசையில் எந்தப் படி தவறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கசடு வழிக்கிற இடமோ, கை கழுவாமல் குடித்த ஒரு கோப்பி ஓவோ (பால் சேர்க்காத காப்பியோ) அதற்குக் காரணமாக இருக்கும்.